விரல் போகும் வழி

ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 விழுக்காடு. நடுவிரலுக்கு 12. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தலா 7. கட்டைவிரல் என்றால் 30. அதன் நுனிக்கணு மட்டும் போயிருந்தால் 20. எலும்பு தப்பிச் சதை மட்டும் சீவிப்போன சுண்டுவிரல் நுனிக்கு 2. தொழிலாளர் இழப்பீட்டுக்கான 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள எண்கள் இவை. சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பதைச் சட்டம் இப்படித்தான் அளக்கிறது. 1948-ல் வந்த இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்திலும் இதே பட்டியல். பழைய தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்து 2020-ல் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் இதே பட்டியல்.

வலக்கையா இடக்கையா என்று அட்டவணை கேட்பதில்லை. தொழில் எது என்றும் கேட்பதில்லை. வீணைக் கலைஞர் தாளத் தந்தியை மீட்டுவது வலக்கைச் சுண்டுவிரலால். அதற்கும் 7 தான். சுத்தியல் பிடிக்கும் ஆசாரிக்கும் 7 தான். ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்கும் வலுவில் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பெரிய பங்கு உண்டு என்பது கை மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரியும். அட்டவணை எழுதியவர்கள் பேனா பிடிப்பவர்களாக இருந்திருக்க வேண்டும்.

சென்னைப் புறநகரான திருநீர்மலைக்கு வருகிறவர்கள் அடிவாரத்தில் நின்ற கோலத்தில் நீர்வண்ணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, இருந்தும் கிடந்தும் நடந்தும் காட்சி தரும் மற்ற மூன்று கோலங்களுக்காகப் படியேறுகிறார்கள். மேலே நின்று பார்த்தால், இந்த அட்டவணைக்கு வேலை வைக்கக்கூடிய தொழில்கள் எல்லாம் நான்கு பக்கமும் இருப்பது விளங்கும். மேற்கே திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. கார், பைக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் அடித்துக் கொடுக்கும் சிறு பட்டறைகள். கிழக்கே தோல் பதனிடும் பம்மல், நாகல்கேணி, பல்லாவரம், குரோம்பேட்டை. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. தென்கிழக்கே தாம்பரம் சானடோரியத்தில், 1984-ல் தொடங்கிய ஏற்றுமதி வளாகமான மெப்ஸ். தையல் மெஷின் முன்னே வரிசையாகப் பெண்கள். இடையில் கண்ணுக்கெட்டிய தூரம் அடுக்குமாடிக் கட்டட வேலை. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது திருநீர்மலைப் பேரூராட்சியும் அதற்குள் போயிற்று. வீடு கட்டும் வேகம் அதற்கும் முன்பிருந்தே கூடித்தான் வந்தது. பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவிதான் இந்தியத் தொல்லியலின் புகழ்பெற்ற முதல் கண்டெடுப்பு. கையால் பிழைக்கும் பழக்கம் இந்த வட்டாரத்தில் அத்தனை பழையது.

கையில் அடிபட்டு வந்தவரைப் பார்த்து நம் ஊரில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “பாத்து செய்யக் கூடாதா?” என்பது. முதலாளி கேட்கிறார், மனைவி கேட்கிறார், ஆட்டோக்காரர் கேட்கிறார். அடிபட்டவரே “என் கவனக்குறைவுதான்” என்று ஒப்புக்கொண்டும் விடுகிறார். அந்தப் பதிலோடு விசாரணை முடிந்துபோகிறது. ஆனால் விரல்கள் எங்கே, எப்படிப் போகின்றன என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒரே மாதிரியான இயந்திரத்தில், ஒரே மாதிரியான நொடியில், ஒரே மாதிரியாகத்தான் போகின்றன. கவனக்குறைவு இத்தனை ஒழுங்காக நடக்காது.

முதலில் பவர் பிரஸ். உதிரிபாகத் தொழிலில் விரலை அதிகம் தின்பது இதுதான். சி எழுத்து வடிவில் கனத்த இரும்புச் சட்டம். பக்கவாட்டில் எப்போதும் சுழன்றுகொண்டிருக்கும் பெரிய ஃப்ளைவீல். கீழே டை, மேலே பஞ்ச். ஆபரேட்டர் தகட்டை டையில் வைக்கிறார், கால் பெடலை மிதிக்கிறார், கிளட்ச் சேர்கிறது, பஞ்ச் இறங்கித் தகட்டை வெட்டிவிட்டு மேலே போகிறது. வெட்டிய ஜாபைக் கையால் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை வைக்கிறார். பழைய வகைப் பிரஸ்ஸில் ஒரு சங்கதி உண்டு: கிளட்ச் சேர்ந்துவிட்டால் பஞ்ச் ஒரு முழுச் சுற்று வந்தே தீரும். பாதியில் நிறுத்த வழியில்லை. கிளட்சின் சாவியோ ஸ்பிரிங்கோ தேய்ந்துபோனால், ஒருமுறை மிதித்ததற்குப் பஞ்ச் இரண்டுமுறை இறங்கும். முதல் அடி முடிந்தது என்று நம்பி ஜாபை எடுக்கக் கை உள்ளே போகும்போது இரண்டாவது அடி விழுகிறது. இதில் கவனம் எங்கே வந்தது?

சரி, இயந்திரம் நல்ல நிலையில்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நான்கு நொடிக்கு ஓர் அடி என்றால் மணிக்கு 900. எட்டு மணி நேரத்துக்கு 7,200. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் 21 லட்சத்து 60 ஆயிரம் முறை ஒருவர் தன் கையை டைக்குள் விட்டு வெளியே எடுக்கிறார். ஓவர்டைம் இந்தக் கணக்கில் இல்லை. அத்தனை முறையும் தவறாமல் காலும் கையும் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது மனித உடம்பைப் பற்றி எதுவும் அறியாதவர் போடும் கணக்கு.

தீர்வு தெரியாத சிக்கலும் இல்லை இது. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும் பிரஸ் உண்டு. கை இரண்டும் வெளியே இருந்தாக வேண்டும். டைக்கு முன்னால் ஒளித்திரை வைத்து, விரல் குறுக்கே வந்தால் பஞ்சை நிறுத்திவிடும் சென்சார் உண்டு. அதற்குப் பாதியில் நிற்கக்கூடிய புதுவகைக் கிளட்ச் வேண்டும், அதாவது பழைய பிரஸ்ஸைக் கழிக்க வேண்டும். எதுவும் இல்லாவிட்டால் ஜாபை எடுக்க ஒரு காந்தக் குச்சியோ நீண்ட இடுக்கியோ போதும். சென்சார் மாட்டிய பட்டறைகளிலும் அதைத் துண்டித்து வைப்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். சென்சார் வேகத்தைக் குறைக்கும். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் நாளைக்கே லாரி ஏற்ற வேண்டிய முதலாளிக்கும் வேகம்தான் சோறு. மேலே இருக்கும் பெரிய கம்பெனி, பாகம் ஒன்றுக்குப் பைசாக் கணக்கில் விலை குறைக்கச் சொல்லும்போது அந்தப் பைசா கடைசியில் எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கேதான் பார்க்க வேண்டும்.

இதை ஓரளவு ஆவணப்படுத்தியிருப்பவர்கள் வடக்கே இருக்கிறார்கள். அரியானாவின் குருகிராம், மானேசர், பரிதாபாத் வட்டாரத்தில் வேலை செய்யும் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு, கார் உதிரிபாகத் தொழிலில் அடிபட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு இஎஸ்ஐ சிகிச்சையும் இழப்பீடும் கிடைக்க உதவியிருக்கிறது. 2019 முதல் ‘கிரஷ்டு’ என்ற தலைப்பில் அறிக்கைகளும் வெளியிடுகிறது. அவற்றில் திரும்பத் திரும்ப வருபவை சில. அடிபட்டவர்களில் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வந்த இளைஞர்கள். அதிகம் அடிபடுவது பவர் பிரஸ்ஸில். பிரஸ்ஸில் அடிபட்டவர் சராசரியாக இழப்பது ஏறக்குறைய இரண்டு விரல். இன்னொன்று மனதைச் சுடுவது: பெரும்பாலானோருக்கு இஎஸ்ஐ அட்டை கையில் கிடைத்ததே விபத்து நடந்த பிறகுதான்.

சென்னைக்கு இப்படித் தொடர்ச்சியான பொது ஆவணம் இருந்தால் நல்லது. கிண்டி, அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று உதிரிபாகத் தொழில் விரிந்து கிடக்கும் ஊர் இது. பிரஸ்ஸில் நிற்பவர் முன்பு உள்ளூர்ப் பையனாக இருந்தார். இன்று பீகார், ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட் பையன். சுவரில் உள்ள பாதுகாப்பு அறிவிப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் அவருக்கு அது சுவரொட்டிதான்.

இயந்திரத்துக்கு வேலி போட வேண்டும் என்பது புதுச் சிந்தனை ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் 1844-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே அதைச் சொல்லிவிட்டது. ஆலை முதலாளிகள் விடவில்லை. வேலிச் சட்டத்தை எதிர்க்கவே சங்கம் வைத்தார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் ஹென்றி மார்லி என்பவர் 1854-ல் ஆலை விபத்துகளைப் பற்றி எழுதத் தொடங்கினார். அந்த முதலாளிகள் சங்கத்துக்கு, தொழிலாளரைச் சிதைப்பதற்கான சங்கம் என்று அந்த இதழ் பெயர் சூட்டியது. இந்தியாவில் 1881-ல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டத்திலேயே வேலி உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஓடும் பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்றும், இயந்திரம் ஓடும்வரை அந்தத் தடுப்பு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். நாட்டிலேயே தொழிற்சாலைகள் அதிகம் உள்ள மாநிலம் நம்முடையது என்பதால் அந்த அதிகாரிகளின் சுமையும் பெரிது.

தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்த புதிய சட்டங்கள் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தபோது ஒரு மாற்றம் அதிகம் பேசப்படாமல் போயிற்று. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்று பழைய சட்டம் சொன்னது. புதியது இருபது பேர் வேண்டும் என்கிறது. ஏழெட்டுப் பிரஸ், பதினைந்து ஆள் என்று இருக்கும் பட்டறை தொழிற்சாலை என்ற கணக்கிலிருந்தே நழுவுகிறது. விரல் அதிகம் போவது ரோபோ வைத்திருக்கும் பெரிய ஆலையில் இல்லை, இந்தப் பதினைந்து ஆள் பட்டறையில். சட்டம் கண்ணை எடுத்த இடம் சரியாக அதுதான்.

மற்ற தொழில்களில் கதை வேறு மாதிரி இருந்தாலும் இலக்கணம் ஒன்றே. தோல் ஆலைகளில் சதை நீக்கவும் தோலைப் பிளக்கவும் விரிக்கவும் உருளை மெஷின்கள். இரண்டு உருளை சேரும் வாயில் ஈரத் தோலோடு விரலும் போகும். மரப் பட்டறையில் வட்ட ரம்பமும் இழைப்பு மெஷினும். ரம்பம் தொடும் பொருள் சதை என்று உணர்ந்தால் சில மில்லி நொடிக்குள் அதை நிறுத்தும் தொழில்நுட்பத்தை ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் 1999-ல் கண்டுபிடித்துவிட்டார். நம் தச்சுப் பட்டறைகளுக்கு அது இன்னும் வந்துசேரவில்லை. கட்டட வேலையில் டைல்ஸ் வெட்டும் கையடக்க மெஷினில், வட்டுக்கு மேல் இருக்க வேண்டிய அரைவட்ட மூடியைக் கழற்றிவிட்டுத்தான் வேலையே தொடங்குகிறது. மூடி இருந்தால் ஓரம் வெட்ட வராதாம். மெப்ஸில் தைப்பவர்களுக்கு ஊசி நகத்தைத் துளைத்து எலும்பில் முறிவது. சிறிய காயம் என்று பேண்ட்எய்டு ஒட்டி மெஷினுக்குத் திரும்ப அனுப்புவார்கள். உள்ளே ஊசித் துண்டு தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டிய காயம் அது.

வயல்வெளியிலும் இதே கதை நடந்து, அதற்கு ஒரு சட்டமும் வந்திருக்கிறது. பசுமைப் புரட்சிக்குப் பிறகு வடக்கே கதிரடிக்கும் மெஷின்கள் பெருகின. கதிரைத் தள்ளும் கைகளும் சேர்ந்து உள்ளே போயின. அதன் விளைவாக நாடாளுமன்றம் 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. கதிரை ஊட்டும் வாயை நீட்டி, கை எட்டாத தூரத்தில் வைத்ததுதான் அங்கே கண்ட வழி. விவசாயிக்குக் கவனம் சொல்லிக் கொடுத்துப் பயனில்லை என்று அப்போதே தெரிந்திருந்தது.

இனி வீடு.

அருவாமனையைக் காலில் மிதித்துக் காய் நறுக்கிய தலைமுறைக்கு விரலில் கீறல் சகஜம். கத்தி நிலையாக நின்றது, காய்தான் நகர்ந்தது, காயமும் மேலோட்டமாகப் போயிற்று. மின்சாரம் சமையலறைக்குள் வந்த பிறகு காயத்தின் குணம் மாறியது. மிக்ஸியில் சட்னி அரைபடாமல் சுற்றும்போது மூடியைத் திறந்து கரண்டியால் தள்ளுவது, சுவிட்சை அணைக்காமல் ஜாரைக் கழுவ எடுப்பது. சில மாடல்களில் மூடி பூட்டினால்தான் மோட்டார் ஓடும். வாங்கும்போது எத்தனை வாட்ஸ் என்று கேட்பவர்கள், இதைக் கேட்பதில்லை.

புறநகரில் இப்போது தெருவுக்கு ஒரு மாவுக்கடை. வேலைக்குப் போகும் குடும்பங்கள் பாக்கெட் மாவுக்கு மாறியதில் வளர்ந்த தொழில். பெரிய கிரைண்டரில் உளுந்து பொங்கிவரும்போது ஓரத்தில் ஒட்டும் மாவைக் கையால் வழித்து நடுவில் தள்ளிவிட வேண்டும். கல் சுற்றிக்கொண்டே இருக்கும். மாவு வழுக்கும். கல்லுக்கும் டிரம்முக்கும் இடையிலான சந்தில் விரல் போனால் மணிக்கட்டுவரை இழுக்கும். நிறுத்தும் சுவிட்ச் பெரும்பாலும் பின்பக்கச் சுவரில், மாட்டிக்கொண்ட கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். மரக் கரண்டி ஒன்றும், இடுப்பு உயரத்தில் சிவப்புச் சுவிட்ச் ஒன்றும் இருந்தால் இந்தப் பத்தியே தேவைப்பட்டிருக்காது.

கரும்புச்சாறு வண்டியும் இதே இனம். கோடையில் ஜி.எஸ்.டி. சாலை நெடுக நிற்கும் வண்டிகளில், இருமுறை பிழிந்த சக்கையை மடித்து எலுமிச்சையோடு மூன்றாம் முறை ஊட்டும்போதுதான் கை உருளைக்கு மிக அருகில் போகிறது. மாட்டிக்கொண்டால் சுற்றி நிற்பவர்கள் பதற்றத்தில் உருளையைப் பின்னோக்கிச் சுற்றிக் கையை எடுக்கிறார்கள். நசுங்கிய கை இன்னொரு முறை நசுங்குகிறது. மோட்டாரை அணைத்துவிட்டு, ஸ்பேனரால் உருளையின் போல்ட்டைத் தளர்த்திக் கையை விடுவிப்பதே சரி.

பைக் செயின் தனிக் கதை. ஞாயிற்றுக்கிழமை காலையிலோ ஆயுத பூஜைக்கு முதல் நாளோ வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கியரில் வைத்து, சுற்றும் செயினில் துணியைப் பிடித்துத் துடைப்பது. வேலை சுலபமாக முடியும் என்பதால் எல்லோரும் செய்கிறார்கள். துணி பல்லில் மாட்டி விரலைச் செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையே இழுக்க அரை நொடி போதும். இன்ஜினை அணைத்துப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றித் துடைத்தால் பத்து நிமிஷம் கூடுதலாகும். தமிழ்நாட்டுக் கை மருத்துவர்கள் அலுத்துப்போகும்வரை சொல்லிவரும் அறிவுரை இது.

குழந்தைகளுக்குக் கதவுதான் எதிரி. கீல் இருக்கும் பக்கத்துச் சந்தில் விரலை வைத்துக்கொண்டு நிற்கும் குழந்தை. அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்துகிறார்கள். நகம் பெயர்ந்து நுனி தொங்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் குழந்தையின் விரல் நுனி வியக்கத்தக்க வகையில் ஆறும். தொங்கும் துண்டைக் கத்தரித்துவிடாமல் கொண்டுபோக வேண்டும். தீபாவளிக் காயங்களைப் பற்றி ஆண்டுதோறும் எல்லோரும் எழுதுகிறார்கள். கையில் பிடித்து வெடித்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள சவ்வு கிழியும், கட்டைவிரல் எதையும் பிடிக்கும் ஆற்றலை இழக்கும் என்பதோடு நிறுத்தலாம்.

அடிபட்ட பிறகு நடப்பதில் மருத்துவத்தைவிடப் பழக்கம்தான் முதலில் விளையாடுகிறது. வெட்டுக் காயத்தில் காப்பித்தூளை அப்புவது, மஞ்சளை வைத்துக் கட்டுவது, தீக்காயத்தில் பேஸ்ட் தடவுவது. மருத்துவர் இவற்றையெல்லாம் சுரண்டிக் கழுவியெடுத்த பிறகே உள்ளே நரம்பு வெட்டுப்பட்டிருக்கிறதா, தசைநாண் அறுந்திருக்கிறதா என்று பார்க்க முடியும். அதற்குள் காயம் அழுக்கேறிவிடும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை மார்புக்கு மேலே தூக்கி வைத்தால் பெரும்பாலான ரத்தப்போக்கு நின்றுவிடும். கயிறு கட்டக் கூடாது. மோதிரத்தை உடனே கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க முடியும்.

விரல் துண்டாகப் போனால் அந்தத் துண்டைத் தேடி எடுக்க வேண்டும். அழுக்கிருந்தால் லேசாகக் கழுவி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வைக்க வேண்டும். ஐஸ் நேரடியாகத் தொட்டால் சதை உறைந்து செத்துவிடும். தண்ணீரில் மிதக்கவிட்டால் ஊறிப்போகும். விரலில் தசை இல்லை, அதனால் அது தாங்கும்: சாதாரண வெப்பத்தில் சுமார் 12 மணி நேரம், குளிரில் வைத்தால் 24 மணி நேரம்வரைகூட. மணிக்கட்டோடு போன கைக்கு அந்தச் சலுகை இல்லை. ஆறு மணி நேரம்தான்.

திரும்ப ஒட்டவைக்கும் வித்தை அறுபது ஆண்டுப் பழையது. 1962-ல் பாஸ்டனில் ஒரு சிறுவனின் அறுபட்ட கையை ரொனால்டு மால்ட் குழுவினர் பொருத்தினார்கள். 1963-ல் ஷாங்காயில் சென் சோங்வெய் ஒரு தொழிலாளியின் கையை ஒட்டினார். 1965-ல் ஜப்பானில் கோமாட்சுவும் டமாயும் நுண்ணோக்கி வைத்து ஒரு கட்டைவிரலை ஒட்டினார்கள். ஆனால் ஒட்டவைக்க வெட்டு சுத்தமாக இருக்க வேண்டும். அருவாள் வெட்டு ஒட்டும். பிரஸ்ஸில் நசுங்கியது பெரும்பாலும் ஒட்டாது. கட்டைவிரல், பல விரல்கள், குழந்தையின் விரல் என்றால் மருத்துவர்கள் மிகவும் முயல்வார்கள். ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் அடியோடு போயிருந்தால், ஒட்டி விறைத்து நிற்பதைவிட அது இல்லாமலிருப்பதே வேலைக்கு நல்லது என்று சொல்வதும் உண்டு. நோயாளிக்கு இது கொடுமையாகப் படும். நடுவிரல் அதன் வேலையைச் சில மாதங்களில் கற்றுக்கொண்டுவிடும் என்பது உண்மை.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய வரலாறு இருக்கிறது, அது தாம்பரத்திலிருந்து முப்பது கிலோமீட்டரில் தொடங்குகிறது. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் அறுவை மருத்துவராகச் சேர்ந்த புதிதில், 1947-ல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு வந்தார். அங்கிருந்த மருத்துவர் ராபர்ட் காக்ரேன் மடங்கிப்போன கைகளைக் காட்டி, எலும்பு மருத்துவர் ஒருவராவது இவற்றை ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்டார். பிராண்ட் ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். செத்த கை என்று நினைத்தது வலிக்கும்படி இறுக்கியது. தசை உயிரோடிருக்கிறது, இடம் மாற்றித் தைத்தால் விரல் நிமிரும் என்ற எண்ணம் அங்கே பிறந்து வேலூரில் அறுவைச் சிகிச்சையாக வளர்ந்தது.

இன்னொன்றும் அவர் கண்டார். தொழுநோயில் விரல் அழுகி உதிரவில்லை. வலி தெரியாததால் அடிபட்டுத் தேய்ந்து போகிறது. துருப்பிடித்த பூட்டைத் திறக்க அவர் திணறியபோது ஒரு சிறுவன் வாங்கித் திருகினான். பூட்டு திறந்தது, அவன் விரல் எலும்புவரை கிழிந்திருந்தது அவனுக்குத் தெரியவில்லை. இரவில் எலி கடிப்பதும் தெரியாமல் தூங்கினார்கள். காவலுக்குப் பூனை வளர்க்க வேண்டியிருந்தது. நீரிழிவு முற்றி விரல் நுனி மரத்துப்போனவர்கள் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். சூடான வாணலியைப் பிடிதுணி இல்லாமல் இறக்கி வைத்துவிட்டு, கொப்புளத்தைப் பார்த்த பிறகு சுட்டதை அறிகிறார்கள்.

வேலூருக்குப் பிறகு சென்னை. ராயபுரம் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி கட்டி எழுப்பிய கை மறுவாழ்வு மையம், கைக்கென்றே ஒரு தனித் துறை என்ற பெருமையை ஓர் ஏழைகள் மருத்துவமனைக்குக் கொடுத்தது. சாய்வாக வெட்டுப்பட்ட விரல் நுனியை, அதே விரலின் பக்கவாட்டுச் சதையை முக்கோணமாக நகர்த்தி மூடும் முறையை அவரும் சுப்பிரமணியனும் 1980-ல் வெளியிட்டார்கள். நுனிக்கு உணர்ச்சி திரும்புகிறது, விரல் நீளமும் மிஞ்சுகிறது. உலகெங்கும் பாடநூல்களில் அது வெங்கடசாமி மடல் என்றே வழங்குகிறது. கோவையில் கங்கா மருத்துவமனையும், அங்கே எஸ். ராஜா சபாபதி வளர்த்த கை அறுவைத் துறையும் பஞ்சாலை, மோட்டார் பட்டறைத் தொழிலாளர் கைகளால் உலகறியப்பட்டவை. 2018-ல் ஸ்டான்லியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த திண்டுக்கல் மாவட்டக் கட்டடத் தொழிலாளிக்கு, இறந்தவரின் இரு கைகளையும் பொருத்தினார்கள்.

செய்தியில் வருவது கைமாற்று அறுவை. வார்டில் அன்றாடம் நடப்பது வேறு. புறங்கைத் தோல் முழுக்க உரிந்து வந்தவருக்குத் தொடையிடுக்கில் தோலைப் பாதி எடுத்துக் கையோடு சேர்த்துத் தைப்பார்கள். 1972-ல் மெக்கிரிகரும் ஜாக்சனும் விவரித்த முறை. மூன்று வாரம் கை இடுப்பிலேயே ஒட்டியிருக்கும். சட்டைப் பையில் கை விட்டதுபோல் நடந்து, ஒரு கையால் சாப்பிட்டு, பக்கவாட்டில் படுக்க முடியாமல் அந்த மூன்று வாரத்தைக் கழிக்க வேண்டும். பிறகு வெட்டிப் பிரிப்பார்கள். அதன் பின் மாதக் கணக்கில் பயிற்சி: களிமண்ணைப் பிசைவது, கிளிப் மாட்டுவது, பொத்தான் போடுவது. அறுவை நன்றாக நடந்தும் கை விறைத்துப்போவது பெரும்பாலும் இந்தப் பயிற்சியைப் பாதியில் விடுவதால்தான். திருமுடிவாக்கத்திலிருந்து ஸ்டான்லிக்கு வாரம் மூன்று நாள் போய்வரக் கூலி வேலைக்காரருக்கு யார் சம்பளம் தருவார்கள்?

சட்டப்படி அதற்கு விடை இருக்கிறது. இஎஸ்ஐ உறுப்பினர் வேலையில் அடிபட்டுச் சிகிச்சையில் இருக்கும் காலத்துக்குச் சராசரிக் கூலியில் 90 விழுக்காடு உதவித்தொகை உண்டு. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலை விபத்துக்குக் கிடையாது. பிறகு மருத்துவக் குழு நிரந்தர இழப்பை மதிப்பிடும். நாள்கூலி 500 ரூபாய் என்றால் அதில் 90 விழுக்காடு 450. ஆள்காட்டி விரலுக்கு 14 விழுக்காடு என்றால் நாளுக்கு 63 ரூபாய், மாதம் சுமார் 1,890, ஆயுளுக்கும். இஎஸ்ஐ இல்லாத தொழிலாளிக்கு முதலாளி தொகையாகத் தர வேண்டும்: 25 வயது, மாதச் சம்பளம் 15,000 என்றால் அதில் 60 விழுக்காட்டை வயதுக்கான காரணி 216.91-ஆல் பெருக்கி, வருவதில் 14 விழுக்காடு. ஏறத்தாழ 2 லட்சத்து 73 ஆயிரம். பட்டறையில் நடக்கும் பேரம் இந்தத் தொகைக்கு அருகில்கூட வருவதில்லை. ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டி, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, ஊருக்கு ரயிலேற்றி விடுகிறார்கள்.

இடைவெளிகள் இன்னும் உண்டு. தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சை சாலை விபத்துக்கு மட்டும். சாலையில் கை நசுங்கினால் அரசு கட்டும். சாலையோரப் பட்டறையில் நசுங்கினால் இல்லை. மாற்றுத்திறனாளி சலுகைகள் பலவற்றுக்கு 40 விழுக்காடு ஊனம் வேண்டும். ஆள்காட்டி விரல் போனவர் அந்தக் கோட்டைத் தொடுவதில்லை. ரேஷன் கடையில் விரல் ரேகை கேட்கும் மெஷின் முன்னால் அவர் வேறு விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறார்.

திருமுடிவாக்கமோ அம்பத்தூரோ, பிரஸ் ஓட்டுகிறவர்களும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் ஒரு காரியம் செய்யலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடம் என்றால் இஎஸ்ஐ கட்டாயம். தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 விழுக்காடு, முதலாளி கட்டுவது 3.25. இந்த மாதச் சம்பளச் சீட்டை எடுத்து, அந்தப் பிடித்தம் இருக்கிறதா, உங்கள் பெயரில் காப்பீட்டு எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கை நன்றாக இருக்கும்போதே கேளுங்கள்.